பச்சை பிடிக்கும் கைராசி

ஆவுடையம்மாள் நீட்டினால் பச்சைதான். பொதிகை மலையில் ஆராய்ச்சி செய்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த சேதி இது. மற்றவர்கள் விடிந்ததிலிருந்து அட்டைகளுக்கு ரத்ததானம் செய்துவிட்டு, சாயங்காலம் வெறும் ஜாடியோடு மலையிறங்குவார்கள். ஆவுடை ஓடைக்குள் கால் வைத்து, நாலு பாறையை நோட்டம் விட்டு, ஏதோ ஒரு பாறையடியில் இருக்கிற தவளைக்கு நேரே இன்மைமானியைக் காட்டுவாள். பச்சை விளக்கு எரியும். அதைப் பிடித்து ஜாடியில் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆழ்வார்குறிச்சி ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். உன் கைராசி யாருக்கு வரும் என்பார்கள். கைராசியெல்லாம் ஒன்றுமில்லை என்பாள் அவள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பாள், அதே ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்க்கிற எஸ்தர்.

இன்மைமானி பார்ப்பதற்கு டார்ச் லைட் போலத்தான் இருக்கும். மூளை அதற்குள் இல்லை. மலை முழுக்க மரத்துக்கு மரம் கடுகளவு ஒற்றுமணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவை கண்டது, கேட்டது, மோந்தது எல்லாவற்றையும் கீழே அனுப்பின. அங்கே ஒரு கணிப்பொறிக்குள் அதே மலையும் அதே ஓடையும் அதே தவளையும் அதைக் கடிக்கிற அதே கொசுவும் இன்னொரு முறை வாழ்ந்துகொண்டிருந்தன. அதற்கு நிழல்வனம் என்று பெயர். ஓர் உயிரைச் சுட்டி இன்மைமானியை அழுத்தினால், அந்த உயிர் இருக்கிற காட்டை நிழல்வனம் நூறு வருடம் ஓட்டிப் பார்க்கும். பிறகு அது இல்லாத காட்டையும் நூறு வருடம் ஓட்டிப் பார்க்கும். ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். இரண்டு காடும் ஒன்று போலவே இருந்தால் பச்சை. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். வித்தியாசம் வந்தால் சிவப்பு. சிவப்பு காட்டிய உயிரை ஒரு மனிதர் ஒரு விரலால் தொட்டாலும் இன்மைச் சட்டப்படி ஜெயில்.

சட்டம் வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள், ஆவுடையும் தட்டினாள். தட்ட வேண்டிய சட்டம்தான். முன்னொரு காலத்தில் அபூர்வமாக ஒரு பறவை கண்ணில் பட்டால், அபூர்வம் என்பதற்காகவே அதைச் சுட்டுப் பஞ்சடைத்து அலமாரியில் வைத்தார்கள். கடைசி ஜோடி என்று தெரிந்தால் இன்னும் அவசரமாகச் சுட்டார்கள். அந்த அநியாயம் ஒழிந்தது. இனி விஞ்ஞானம் காட்டிலிருந்து எதை எடுத்தாலும் காட்டுக்கு அது தெரியவே தெரியாது. இதைவிட நாகரிகமான திருட்டு உண்டா?

ஆனால் சங்குத்தவளைகள் செத்துக்கொண்டிருந்தன.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும் சங்குத்தவளை. ஆண் தவளை தொண்டைப் பையை ஊதிக் கூப்பிட்டால் எங்கோ ஒரு கோயிலில் சங்கு ஊதுகிற மாதிரிக் கேட்கும். பொதிகையில் ஓர் ஓடையைத் தவிர அதற்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது. அந்த ஓடையில் உப்புத்தோல் என்ற நோய் புகுந்திருந்தது. தவளை பாதி மூச்சைத் தோலால் விடுகிற பிராணி. நோய் வந்தால் தோல் வெளுத்து, காய்ந்து, உப்புப் பூத்தாற்போல ஆகி, மூச்சு முட்டிச் சாகும். எட்டு வருடமாக ஆவுடை அதற்கு மருந்து தேடினாள். கல்யாணம், வீடு, தூக்கம் எல்லாவற்றையும் அந்தக் கட்டைவிரல் பிராணிக்குக் கொடுத்துவிட்டிருந்தாள் என்றே சொல்லலாம்.

மருந்து கிடைக்காமலும் இல்லை. அதுதான் குழப்பம். ஆய்வகத் தவளைகளுக்கு அதைக் கொடுத்தால் இரண்டொரு நாளில் தோல் பளபளவென்று ஆகிவிடும். அதே மருந்தைக் கொண்டுபோய் ஓடையில் கலந்தால் தவளைகள் அதைச் சட்டையே செய்யாமல் செத்தன. தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், அளவைக் கூட்டிப் பார்த்தாள், இரண்டு முறை மருந்தையே மாற்றிப் பார்த்தாள். அங்கே பிழைத்தது, இங்கே செத்தது. ஒரே தவளை, ஒரே மருந்து, ஒரே நோய்.

மூன்றாவது மருந்தும் தோற்ற அன்று நல்ல சாரல். ஆய்வகத்தின் கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் ஆவுடை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் கருப்பட்டிக் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் தவளைக்காரிதான். ஆனால் அவளுக்குக் கைராசி கிடையாது. எப்போது போனாலும் சிவப்பு, வெறும் ஜாடி.

"ஏட்டி ஆவுடை, ஒண்ணு கேக்கட்டா? சாரல் அடிச்சா ஓடையில பகல்லயே அத்தனையும் கத்தும். உன் தவளை ஒண்ணுகூடக் கத்த மாட்டேங்குதே?"

"அடைச்சு வச்சா எது கத்தும்?"

"கோழிய அடைச்சு வச்சாலும் கத்தத்தான் செய்யுது."

ஆவுடைக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஓடைக்குப் போனா கத்துறதுதான் கண்ணுல படுது," என்று எஸ்தர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "தொண்டைய ஊதிக்கிட்டு ராசா மாதிரி உக்காந்திருக்கும். ஆசையா நீட்டுவேன், சிவப்பு. உனக்கு மட்டும் எங்கிருந்துதான் பச்சை கெடைக்கோ."

எங்கிருந்து கிடைக்கிறது? ஆவுடை முதல் முறையாக அதை யோசித்தாள். ஓரத்தில் இருக்கும் தவளை. தனியாக இருக்கும் தவளை. மற்றவை கூப்பிடும்போது பேசாமல் இருக்கும் தவளை. அவள் கண் தானாகவே அதைத் தேடிப் போய்விடும். அதற்கு இணை இல்லை, குஞ்சு இல்லை, அதைக் கேட்பாரும் இல்லை. அதனால் அது இல்லாமல் போனால் காடு மாறாது. அதனால் பச்சை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறக்காத நுணல்கள்தாம் கெட்டிருந்தன.

அலமாரியில் அவள் எழுதிய புத்தகம் இருந்தது. சங்குத்தவளை மந்தமானது, தனிமையை விரும்புவது, பெரும்பாலும் ஓசையற்றது என்று அதில் எழுதியிருந்தாள். சங்கு ஊதுகிற பிராணியைப் பற்றி. அவளே. வெட்கத்தில் காது சுட்டது.

"எஸ்தர், இந்த எட்டு வருஷமா நான் தவளையப் பாக்கவேயில்ல," என்றாள். "தவளையில ஒதுங்கிப்போனதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். கத்துற தவளை வேற ஏதோ மாதிரி. அதுல ஒண்ணு கெடைச்சாத்தான் மருந்து ஏன் தோக்குதுன்னு தெரியும்."

"கத்துறது சிவப்புல்லா?"

"அதுதான்."

மறுநாள் அவள் மலையேறியபோது பீர் முகமதுவும் கூட வந்தார். இன்மை வாரியத்தின் கண்காணிப்பாளர். கடையநல்லூர்க்காரர். சட்டத்தை வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருப்பார். மனப்பாடம் செய்த பிறகும் அது தனக்குப் புரியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிற அதிகாரி. அதனாலேயே ஆவுடைக்கு அவரைப் பிடிக்கும்.

ஓடையில் பாதிப் பாறைகள் காலியாக இருந்தன. மிச்சம் இருந்தவற்றில் ஒரு பாறைமேல் ஒரு தவளை தொண்டையை ஊதிச் சங்கு முழக்கிக்கொண்டிருந்தது. பின்னங்காலில் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது. ஆவுடை இன்மைமானியை நீட்டினாள். சிவப்பு.

"அது இன்னும் ஒரு மாசத்துல சாகப் போகுது சார். காலப் பாருங்க."

"பாக்கேன் மேடம். ஆனா அந்த ஒரு மாசத்துல அது ரெண்டு பொட்டையோட சேந்து முட்டையிட வைக்கும்லா? மானி அதச் சொல்லுது."

"அந்த முட்டையும் நோய்லதான் சாகும். இத ஒண்ண நான் எடுத்தா மத்த எல்லாத்தையும் காப்பாத்தலாம். மானி அதக் கணக்குல எடுக்காதா?"

பீர் முகமது தாடியைத் தடவினார். "எப்பிடி எடுக்கும்? நிழல்வனத்துல நீங்க இல்லயே. ஆனை இருக்கு, அட்டை இருக்கு, காளான் இருக்கு. மனுசன் கெடையாது. சட்டம் போடும்போதே மனுசன வெளிய நிறுத்திட்டாங்க. தவள போறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். போன தவள உங்ககிட்ட வந்து மருந்தாவுதது அதுக்குத் தெரியாது."

"அப்போ என்னைச் சேருங்க."

"எங்க?"

"நிழல்வனத்துல. காட்டுக்குள்ள வழக்கமா புழங்குற எந்த உயிரையும் சேக்கலாம்னு சட்டத்துல இருக்குன்னு முன்ன ஒரு தடவ நீங்கதான சொன்னீய. எட்டு வருஷமா நான் இங்க புழங்குதேன். கரடிகூட என்னளவுக்கு வாறதில்ல."

பீர் முகமது மனத்துக்குள் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டிப் பார்த்தார் என்பது அவர் உதட்டசைவில் தெரிந்தது. "மனுசனச் சேக்கக் கூடாதுன்னும் இல்ல," என்றார் கடைசியில். "சேக்கலாம்னும் இல்ல. எனக்குத் தல சுத்துது மேடம்."

ஆனால் சேர்த்துவிட்டார். ஒரு மிளா மானைச் சேர்ப்பது போலவே ஆவுடையை நிறுத்தி எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஈர மணலில் நடக்கவிட்டுத் தடம் எடுத்தார்கள், குரலைப் பதிந்தார்கள். இடது காதுக்குப் பின்னால் ஓர் ஒற்றுமணியைப் பொருத்தினார்கள். அவளுடைய எட்டு வருட நடமாட்டமும் அவள் ஓடையில் செய்த எல்லாக் காரியமும் நிழல்வனத்துக்குள் போயின. இனி அந்தக் கணிப்பொறிக்குள்ளும் ஓர் ஆவுடையம்மாள் குடை பிடித்துக்கொண்டு பாறை பாறையாகத் தவளை தேடுவாள். அதை நினைக்க அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

எல்லாம் முடிந்து மறுபடி அதே பாறை, அதே தவளை. இப்போது நிழல்வனத்துக்கு அவள் இருப்பது தெரியும், அவள் மருந்து தேடுவது தெரியும். ஆவுடை தவளையின் பக்கம் குனிந்தாள். இன்மைமானியை அழுத்தினாள்.

சிவப்பு.

"என்ன சார் இது? நான் உள்ள இருக்கேன்லா?"

"இருக்கீய. பேர்கூட வந்திருக்கு." பீர் முகமது தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று அதைப் பையில் வைத்தார். வைத்த வேகம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

"என்ன வந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம். புதுசா ஒரு உயிரச் சேத்தா நிழல்வனம் தானாவே அதோட இன்மையயும் ஒரு தடவ கணக்குப் போட்டுரும். அது வழக்கம். அத விடுங்க."

"சார், காட்டுங்க."

அவர் இன்மைமானியை வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு அவள் பக்கம் திருப்பி அழுத்தினார். பச்சை எரிந்தது.

ஆவுடை அந்த விளக்கையே பார்த்தாள். எத்தனை தவளைக்கு நேரே அந்தப் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அவள் இருக்கிற பொதிகையும் அவள் இல்லாத பொதிகையும் நூறு வருடத்துக்கு ஒன்று போலவே இருக்குமாம். நிழல்வனம் பொய் சொல்லாது. எட்டு வருடமாக அவள் ஓடையில் ஊற்றிய எந்த மருந்தும் ஒரு தவளையைக்கூடக் காப்பாற்றவில்லை. இனியும் காப்பாற்றாது என்று அது முடிவு கட்டியிருந்தது. அவளிடம் ஒரு கத்தும் தவளையைக் கொடுத்தாலும் இன்னொரு உதவாத மருந்துதான் வரும், தவளை போனதுதான் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தது. ஆனால் அவள் தோற்றது யாரால்? அது பச்சை காட்டிய தவளைகளை மட்டுமே அவள் பார்த்ததால்தானே? தன் கையால் கண்ணைக் கட்டிவிட்டு, உனக்குக் கண் தெரியாது என்று தீர்ப்பு எழுதினால் எங்கே போய் முறையிடுவது? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் அரசாங்க அதிகாரியின் முன்னால் அழக் கூடாது என்று பாறைமேல் உட்கார்ந்து ஓடையைப் பார்த்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. கல்லிடுக்கிலிருந்து ஒரு தண்ணீர்ப்பாம்பு வந்தது. அவசரமே இல்லாமல் நீந்தியது. அடுத்த பாறையில் சங்கு ஊதிக்கொண்டிருந்த இன்னொரு தவளையைக் கவ்வியது, போய்விட்டது. அந்தத் தவளைக்கும் சற்றுமுன்தான் மானியைக் காட்டியிருந்தார்கள். சிவப்பு.

"சார், இப்போ அந்தப் பாம்பப் பிடிச்சு ஜெயில்ல போடுவீயளா?"

"அது எப்பிடி? அது காட்டு உயிர்லா. காட்டு உயிர் காட்டு உயிரப் பிடிக்கதுக்கு அனுமதி எதுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் பீர் முகமதுவுக்குத் தான் சொன்னது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். ஆவுடை எழுந்து நின்றிருந்தாள். கண் ஈரமாக இருந்தது, பார்வை பாம்பின் பார்வையாக இருந்தது. அவள் கையை நீட்டி, பாறைமேல் சங்கு ஊதிக்கொண்டிருந்த தவளையை வெறுங்கையால் பிடித்தாள்.

"மேடம்," என்றார் அவர். குற்றம் என்று சொல்ல ஒரு விதியைத் தேடினார். சட்டம் மனிதர்களைப் பற்றிப் பேசியது. அவரோ இந்த அம்மாளை இன்று காலையில் தன் கையாலேயே காட்டு உயிர்ப் பட்டியலில் மிளாவுக்கும் மலை அணிலுக்கும் நடுவில் சேர்த்துவிட்டிருந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாயிற்று. இனிக் குடையுதே என்றால் யார் கேட்பார்கள்?

தவளை அவள் கைக்குள் துடித்தது. அதன் தொண்டைப்பை உள்ளங்கையில் ஈரமாகப் புடைத்து அடங்கியது. இது இல்லாமல் போனால் காடு மாறும் என்று விளக்கு சொல்லியிருந்தது. அந்தப் பாரம் கட்டைவிரல் அளவுக்கு இல்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

மலையடிவாரத்துச் சோதனைச்சாவடியில் கதவு திறக்கவில்லை. அவள் காதுக்குப் பின்னாலிருந்த ஒற்றுமணியை அது அடையாளம் கண்டுகொண்டது. காட்டு உயிர் எல்லையைத் தாண்டுகிறது, விரட்டவும் என்று அறிவித்தது. பிறகு யானைகளைத் திருப்பி அனுப்புகிற தேனீ ரீங்காரத்தைப் போட்டுவிட்டது. பீர் முகமது எந்தப் பொத்தானை அமுக்கியும் பயனில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் ஜீப்போடு காத்திருந்தாள்.

"மணியக் கழட்டி எறியுங்க," என்றாள் எஸ்தர்.

"கழட்டுனா செத்துப்போச்சுன்னு பதிஞ்சிரும். செத்த மிருகத்த வெளிய கொண்டுபோக அதவிடக் கஷ்டம்." பீர் முகமது வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஒரே வழிதான் இருக்கு. மேடம் பச்சைல்லா? தவளைய எடுக்கது போல அவியளயும் உங்க ஆய்வகம் ஆராய்ச்சி மாதிரியா எடுத்துக்கிடலாம். நீங்க கேட்டா நான் அனுமதி தாறேன்."

எஸ்தர் அவரை முறைத்தாள், பிறகு ஆவுடையைப் பார்த்தாள். ஆவுடை பொத்திய கையைக் காட்டித் தலையசைத்தாள். எட்டு வருடத்தில் எஸ்தர் பச்சை பிடித்தது அன்றுதான். மணிக்கட்டில் ஒரு சீட்டு கட்டினார்கள். மனிதர், பெண், முதிர்ந்தது, சங்குத்தவளை ஓடையிலிருந்து. சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ விதி இருந்தது. எல்லாச் சீட்டிலும் இருப்பதுதான். கடைசியில் ஜாடிக்குள் சாராயத்தில் மிதக்கப் போகிற உயிருக்குக் கட்டுகிற சீட்டை யார் திருப்பிப் படிக்கிறார்கள்? கதவு திறந்தது.

அந்தத் தவளையை ஆவுடை தன் கையாலேயே அறுத்தாள். விடை தொண்டைப்பையில் இருந்தது. பையின் மடிப்புகளில் ஒரு நுண்ணுயிர் குடியிருந்தது. அவள் கொடுத்த மருந்தை அது பாயசம் குடிப்பது போலக் குடித்துத் தீர்த்துவிட்டது. கூப்பிடுகிற ஆணிடமிருந்து அது பெட்டைக்குப் போகும், பெட்டையிடமிருந்து முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் போகும். ஓடையில் மற்றவற்றோடு கூடி வாழ்கிற எல்லாத் தவளையிடமும் அது இருந்தது. எந்தத் தவளையும் அண்டாமல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த பச்சைகளிடம் மட்டும்தான் இல்லை.

பிறகு வேலை கஷ்டமாக இல்லை. அந்த நுண்ணுயிரால் கடிக்க முடியாத ஓர் உறையை மருந்துக்குப் போட்டாள். எஸ்தர் அதை ஓடைக்குக் கொண்டுபோனாள். ஆவுடைதான் ஆய்வகத்தின் மாதிரியாயிற்றே, மாதிரியை மலைக்கு அனுப்ப வழியில்லை. ஆய்வகத்தில் அவளைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. மாதிரிக்கு விடுப்பு உண்டா என்றார்கள், ஜாடி போதுமா பீப்பாய் வேண்டுமா என்றார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தப் பச்சை விளக்குக் கண்ணுக்குள் எரிந்தது.

வடகிழக்குப் பருவமழை பிடித்த ஒரு காலையில் எஸ்தர் ஓடையிலிருந்து போனில் கூப்பிட்டாள். பேசவில்லை, போனை நீட்டிப் பிடித்தாள். கோயில் கோயிலாகச் சங்கு ஊதுவது போலக் கேட்டது. ஆவுடை தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த வாரத்தில் பீர் முகமது வந்தார். ஜீப்பின் பின்னால் ஒரு பெரிய மரப்பெட்டி இருந்தது, அதில் காற்றுப் போகத் துளை போட்டிருந்தது. அவர் அதைக் கண்ணால் காட்டாமல் இருக்கப் பார்த்தார். உள்ளே வந்து உட்காரவும் இல்லை.

"மேடம், தவளைங்க எல்லாம் நல்லாருக்கு. நிழல்வனத்துல இப்போ அது நூறு வருசத்துக்கும் இருக்கு. அல்லா உங்களுக்கு நல்லது செய்யணும்."

"அதுக்கு எதுக்கு சார் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீய?"

அவர் இன்மைமானியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். சிவப்பு எரிந்தது.

"நல்லாப் பாருங்க சார்," என்றாள் ஆவுடை. "சிவப்பா?"

"சிவப்புதான். நோய் இன்னும் ரெண்டு தடவ உரு மாறி வருமாம். ரெண்டு தடவயும் நீங்க இல்லைன்னா காடே வேற காடாப் போயிருமாம். நானே மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

அவளுக்கு அந்தக் கணத்தில் வந்தது சுத்தமான சந்தோஷம். அதை மறைக்கவும் தோன்றவில்லை. அடுத்ததாகத்தான் பெட்டியைக் கவனித்தாள். மணிக்கட்டிலிருந்த சீட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். பச்சையில் எடுத்த உயிர் பின்னால் சிவப்பானால், அது உயிரோடு இருக்கும் பட்சத்தில், எடுத்த இடத்திலேயே உடனே திரும்ப விடப்பட வேண்டும். இதுவரை யாரும் பயன்படுத்தாத விதி. இதுவரை எந்த மாதிரியும் சிவப்பாகிற வரை உயிரோடு இருந்ததில்லை.

"ஓடையிலயா? நான் அங்க உக்காந்து எப்பிடி மருந்து செய்ய? ஆய்வகம் இங்கல்லா இருக்கு?"

"அதத்தான் மேடம் நானும் கேட்டேன். நிழல்வனத்துல காடு மட்டும்தான் இருக்கு, ஆய்வகம் இல்லயாம். நீங்க காட்டுல இருந்தாத்தான் இருக்கீயன்னு அர்த்தமாம். எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

எஸ்தர் உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கத்தினாள், சட்டத்தைத் திட்டினாள், பீர் முகமதுவைத் திட்டினாள். எதுவும் நடக்காது என்று தெரிந்ததும் அழுதுகொண்டே ஆவுடையைக் கட்டிக்கொள்ளக் கையை விரித்தாள்.

"தொடாதீய," என்றார் பீர் முகமது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "சிவப்பு."

எஸ்தரின் கை அப்படியே நின்றது. ஆவுடை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு யாரும் தொட வேண்டியிராதபடி தானே ஏறிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

ஓடைக்கரையில் அவளை இறக்கிவிட்டபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தண்ணீரில் கால் வைத்ததும், ஏதோ பெரிய பிராணி வருகிறதென்று தவளைகள் எல்லாம் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன. எல்லைக்கு வெளியே நின்றிருந்த எஸ்தருக்கும் அந்த அமைதி கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று ஊதியது, அப்புறம் எல்லாம் ஊதின.

"சார், என்னையும் நிழல்வனத்துல சேத்துருங்க," என்றாள் எஸ்தர். "நானும் அவகூடப் போறேன்."

"சேக்கலாம். நீங்களும் இங்க புழங்குனவியதான்." பீர் முகமது பழக்கதோஷத்தில் இன்மைமானியை அவள் பக்கம் திருப்பினார். "ஆனா சேத்தா உங்களயும் கணக்குப் போட்டுரும். பச்சையா வருமோ சிவப்பா வருமோ."

எஸ்தர் வாயைத் திறந்தாள். எது வர வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் உள்ளே போகலாம். ஆனால் பச்சை என்றால் தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று, சிவப்பு என்றால் இனி யாரும் தொட முடியாது. விளக்கு இன்னும் எரியவில்லை. அவள் அதன் முன்னாலிருந்து மெதுவாக ஓர் அடி விலகி நின்றாள். பீர் முகமதுவும் மானியின் முனையைத் தன் பக்கம் திரும்பிவிடாமல் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.